சப்போரோவில் முதல் ஸ்கீ: நிசேகோ வேண்டாம், பாங்கே போங்கள்

தம்பி, ஜப்பானின் சப்போரோவில் இது முதல் குளிர்காலம், கார் இல்லை, மனைவியும் ஆறு வயது மகளும் கூட இருக்கிறார்கள், வீட்டில் சைவம், ஸ்கீ ஒரு தடவை போட்டுப் பார்க்க நிசேகோ எனும் பெரிய ஸ்கீ ஊரில் ரூம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள். நிசேகோவுக்குப் பஸ்ஸில் போகவே இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். டிக்கெட்டும் ரூமும் இரண்டு மூன்று மடங்கு விலை. முதல் நாள் ஸ்கீ போடுகிறவருக்குத் தேவைப்படுவது நூறு மீட்டர் நீளச் சாய்வுதான். அது உங்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மகள் சோர்ந்து அழ ஆரம்பித்தால் சீக்கிரம் வீடு திரும்பிவிடலாம் என்பதுதான் பக்கத்து மலையின் பெரிய வசதி.

சப்போரோ நகர எல்லைக்குள் உங்களுக்குப் பொருந்தக்கூடியவை பாங்கே, மோய்வா, தெய்னே ஆகிய மூன்று ஸ்கீ மலைகள். தெய்னே 1,023 மீட்டர் மலை. 1972 ஒலிம்பிக்கில் ஸ்லாலம் (கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும்) போட்டிகள் நடந்த இடம். அங்கே மேலே ஹைலேண்ட் பகுதி செங்குத்தானது, கீழே ஒலிம்பியா பகுதிதான் புதியவர்களுக்கு. பஸ்ஸில் தவறி மேலே போய் இறங்கிவிட்டால் நாள் வீண். மோய்வாவில் ஸ்னோபோர்டு (ஒரே பலகையில் வழுக்குவது) கிடையாது, ஸ்கீக்கு மட்டும். அதனால் புதியவர்களுக்குப் பயம் குறைவு. ஆனால் பெயரில் கவனம் வேண்டும். நிசேகோவிலும் மோய்வா என்று ஒரு ஸ்கீ இடம் உண்டு. சப்போரோ மோய்வாவிலேயே இரவு நகரம் பார்க்கப் போகும் ரோப்வே மலையின் வேறு பக்கத்தில் இருக்கிறது. அதில் ஏறினால் ஸ்கீ சரிவுக்குப் போக முடியாது.

உங்களுக்கு நான் சொல்வது பாங்கே. டோசாய் சுரங்க ரயிலில் நகர மையத்திலுள்ள ஓதோரி நிலையத்திலிருந்து மூன்றாவது நிலையம் மருயாமா கோயென். அங்கே பஸ் நிலையத்தில் பாங்கே பஸ் ஏறினால் சுமார் இருபது நிமிடம். 2017 ஆசியக் குளிர்கால விளையாட்டில் மோகுல் (பனி மேடுகள் மேல் இறங்கும்) போட்டி நடந்த இடம் என்றாலும், கீழே மென்மையான சரிவும், பிள்ளைகள் பனியில் விளையாடத் தனி இடமும் இருக்கின்றன. மனைவிக்கு ஸ்கீ போட விருப்பமில்லாவிட்டாலும் அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

பஸ் அடிக்கடி வராது. திரும்பி வரும் நேரத்தை முதலில் போட்டோ எடுத்து வையுங்கள். ஆயிரம் யென் தாள்களும் நூறு யென் காசுகளும் கையில் இருக்கட்டும். பஸ்ஸில் இருக்கும் சில்லறை இயந்திரம் பெரிய தாள்களை மாற்றாது, மலையில் லாக்கருக்கும் நூறு யென் காசு வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் வார நாள் காலையில் போனால் கூட்டம் இருக்காது என்று நினைப்பீர்கள். அந்த மாதங்களில்தான் நகரப் பள்ளிகள் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை இந்த மலைகளுக்கு ஸ்கீ பாடத்துக்குக் கூட்டி வருகின்றன. மென்மையான சரிவு முழுக்க அவர்கள்தான் இருப்பார்கள். வார நாளில் மதியம் ஒரு மணிக்கு மேல் போங்கள், அல்லது ஞாயிறு காலை ஸ்கீ இடம் திறந்ததும் போங்கள். டிக்கெட்டில் முழு நாள் வாங்காதீர்கள். சில மணி நேரத்துக்கான டிக்கெட் போதும். முதல் ஒரு மணி நேரம் மேலே தூக்கிச் செல்லும் நாற்காலி லிப்டே ஏறப் போவதில்லை என்பதால் அதையும் பயிற்சி முடிந்த பிறகு வாங்குங்கள். டிக்கெட் சில்லு அட்டையாகக் கொடுத்தால் இடது பக்கப் பாக்கெட்டில் தனியாக வையுங்கள். போனோ மற்ற அட்டையோ கூட இருந்தால் கேட் படிக்காது.

துணியில்தான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். ஜீன்ஸ் கூடவே கூடாது. பருத்தி நனைந்தால் காயாது, உறைந்து விறைத்துவிடும். உள்ளே பாலியெஸ்டர் அல்லது கம்பளி உள்ளாடை போடுங்கள். ஊருக்குள் போடும் ஹீட்டெக் எனும் சூட்டு உள்ளாடை ரகத்தில் ரேயான் கலந்திருக்கும். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, லிப்டில் உட்கார்ந்ததும் குளிர வைக்கும். சாக்ஸ் முழங்கால் வரை நீளமான ஒன்று மட்டும் போதும். இரண்டு போட்டால் பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் சில்லிடும். மேல்சட்டையும் கால்சட்டையும் வாடகைக்குக் கிடைக்கும். கையுறை, தொப்பி, கண்ணாடிக் கவசம் பெரும்பாலும் வாடகைக்கு விட மாட்டார்கள், முன்கூட்டியே வாங்க வேண்டும். வொர்க்மேன் எனும் வேலை உடைக் கடையிலும் செகண்ட் ஸ்ட்ரீட் எனும் பழைய பொருள் கடையிலும் மலிவாக அகப்படும். கைரோ எனும் சூட்டுப் பொட்டலத்தைத் தோலில் நேரடியாக ஒட்டாதீர்கள், தெரியாமலே சுட்டுவிடும். பூட்ஸுக்குள் சாதாரணக் கைரோ வேலை செய்யாது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனால் சூடாவது. மூடிய இடத்தில் காற்று போதாது. காலணிக்கென்று தனி ரகம் இருக்கிறது.

வாடகைப் படிவத்தில் பெயர் (கட்டகனா எனும் ஜப்பானிய எழுத்தில் எழுதிப் பழகி வையுங்கள்), உயரம், எடை, கால் அளவு கேட்பார்கள். கால் அளவு சென்டிமீட்டரில்: 25.5, 26 என்று. எடையைக் கூச்சப்பட்டுக் குறைத்தோ கூட்டியோ எழுதாதீர்கள். பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங் எந்த விசையில் கழல வேண்டும் என்பதை அந்த எடையையும் வைத்துத்தான் திருகி வைக்கிறார்கள். அளவு அதிகமானால் விழும்போது கழலாமல் முழங்கால் முறுக்கும், குறைவானால் ஓடும்போதே கழலும்.

பூட்ஸ் போடும்போது குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் தள்ளி, கணுக்கால் பக்கமுள்ள பக்கிளை முதலில் பூட்டுங்கள். நேராக நின்றால் விரல் நுனி முன்னே தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். சாக்ஸ் தவிர வேறு எதையும் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள். உள்ளே போட்ட பேண்டின் விளிம்பு மடிந்து உட்கார்ந்தால் அரை மணியில் கீழ்க்கால் முன்னெலும்பு வலிக்கும். இங்கே வலிக்கிற பூட்ஸோடு யாரும் ஸ்கீ கற்றதில்லை. தயங்காமல் மறுபடி கவுன்டருக்குப் போய் மாற்றச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள்.

பனியில் ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து, கீழ்ப்பக்கக் காலை முதலில் மாட்டுங்கள். மாட்டாமல் அடம்பிடித்தால் பூட்ஸ் அடியில் பனி ஒட்டியிருக்கும். கையிலுள்ள ஸ்கீ கோலால் சுரண்டிவிட்டு மறுபடி மிதியுங்கள். நிற்பதற்குப் போகென் எனும் முறை: ஸ்கீ முனைகளை நெருக்கி, வால்களை விரித்து, உள்விளிம்பில் அழுத்த வேண்டும். பின்னால் சாய்ந்தால் நிற்காது, வேகம் கூடும். விழுந்தால் ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பிக்கொண்டு எழுந்திருங்கள். இரண்டு மணி நேரப் பாடம் எடுத்துவிடுவது நல்லது. ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் முன்பதிவு அவசியம். லிப்டில் ஏறும்போது கோல்களின் வாரைக் கையிலிருந்து கழற்றி ஒரே கையில் பிடியுங்கள், நாற்காலி முட்டியதும் உட்காருங்கள், பாதுகாப்புக் கம்பியை இறக்குங்கள். இறங்கும் இடத்தில் முனையைத் தூக்கி, எழுந்து, நேராக வழுக்கி ஒதுங்குங்கள். மகள் கூட இருந்தால் ஏறும் முன் ஊழியரிடம் சைகை காட்டுங்கள், லிப்டை மெதுவாக்குவார்.

சாப்பாட்டுக்கு மலைக் கேன்டீனை நம்பாதீர்கள். கறிக் குழம்பில் இறைச்சி சாறு கலந்திருக்கும், உடோன் எனும் நூடுல்ஸின் குழம்பு மீன் சாற்றில் செய்வது. வீட்டிலிருந்து கொண்டு போங்கள். குளிரில் சாதம் விறைத்துவிடும். அதனால் வாய் அகன்ற பிளாஸ்கில் சூடான பொங்கலோ ரசம் சாதமோ எடுத்துப் போவது சரி. கேன்டீனுக்குள் வெளி உணவு சாப்பிடக் கூடாத இடங்கள் உண்டு. இலவச ஓய்வறை எது என்று கேட்டு அங்கே உட்காருங்கள்.

மகள் ஒன்றாம் வகுப்பு போனதும் பள்ளியில் ஸ்கீ பாடம் வரும். பல பள்ளிகளில் ஸ்கீ, பூட்ஸ் செட்டை வீட்டிலிருந்துதான் கொண்டு போக வேண்டும். பாங்கேயில் பிடித்துவிட்டால் சீசன் முடியும் மார்ச்சில் பழைய பொருள் கடைகளில் தேடுங்கள். பிள்ளைகளின் கால் ஒவ்வொரு வருடமும் வளர்ந்தாலும் பூட்ஸை அரை அளவுக்கு மேல் பெரிதாக வாங்காதீர்கள். காலைப் பிடிக்காவிட்டால் ஸ்கீ திரும்பாது.

கடைசியாகக் காப்பீடு. உங்களுக்கு அடிபட்டால் சுகாதாரக் காப்பீட்டில் வைத்தியம் உண்டு. நீங்கள் மோதி இன்னொருவருக்கு அடிபட்டால் அது போதாது. வீட்டுக் காப்பீட்டோடு தனிநபர் பொறுப்புக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதில் ஸ்கீ மோதலும் அடங்கும். இருந்தால் வேறு எதுவும் எடுக்கத் தேவையில்லை.