பரணில் இருக்கும் ரேடியோவும் 8,000 ரூபாயும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். ஆறு வருடமாக சர்ச்சில் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறேன். வீட்டில் ஒரு வால்வு (பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் செய்ய ஆசை. கையில் 8,000 ரூபாய் இருக்கிறது. சால்டரிங் தெரியும், சின்னச் சின்ன சர்க்யூட்கள் செய்திருக்கிறேன். பரணில் தாத்தாவின் வால்வு ரேடியோ ஒன்று கிடக்கிறது. அதைப் பிரித்து அந்தச் சாமான்களை வைத்தே செய்துவிடலாமா? 50 வாட் வேண்டும் என்று நினைக்கிறேன், 5 வாட் எந்த மூலைக்கு? ஷாக் அடிக்கும் என்று அம்மா பயப்படுகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

அன்புடன்,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அம்மா பயப்படுவது நியாயம். கிட்டாரின் பிரிட்ஜிலிருந்து, அதாவது கம்பிகள் உட்காரும் உலோகத் துண்டிலிருந்து, ஒரு ஒயர் உள்ளே ஓடி ஜாக்கின் கிரவுண்டில் சேர்கிறது. அங்கிருந்து கேபிளின் வெளிப்பின்னல் வழியாக ஆம்ப்ளிஃபையரின் சேசிஸுக்கு, அதாவது உலோகச் சட்டத்துக்குப் போகிறது. கம்பியைத் தொடும்போதெல்லாம் நீங்கள் சேசிஸைத்தான் தொடுகிறீர்கள். நீங்கள் பாடவும் செய்கிறீர்கள். மைக்கின் உலோக வலை மிக்ஸர் வழியாக எர்த்தில் இருக்கும். சேசிஸில் மின்சாரம் கசிந்தால் கையில் ஏறி உதட்டில் இறங்கும், நடுவில் இருப்பது நெஞ்சு. 1972-இல் வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்துபோனார். கல்லூரி நாட்களில் இரண்டு பின் பிளக்கில் ஓடிய ஆம்ப்ளிஃபையரோடு பாடப்போய் நானும் உதட்டில் சுரீரென்று வாங்கியிருக்கிறேன். அந்த வலி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் பரணில் இருக்கும் ரேடியோவைப் பற்றி எனக்கு முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மெயின்ஸிலிருந்து, அதாவது வீட்டு 230 வோல்ட் மின்சாரத்திலிருந்து, அதைப் பிரித்துவைக்கும் மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ளே இருக்கிறதா? பின் அட்டையைக் கழற்றி வால்வுகளின் எண்களைப் படியுங்கள். பிளக்கில் சொருகாமல்தான். யூசிஎச்81, யூஎல்84 என்று ‘யூ’வில் தொடங்கினால் அது ஏசி-டிசி செட். திருவிழா சீரியல் லைட் மாதிரி எல்லா வால்வின் ஹீட்டரும் (வால்வைச் சூடாக்கும் இழை) வரிசையாக மெயின்ஸிலேயே தொங்கும். சேசிஸும் மெயின்ஸின் ஒரு ஒயரோடு நேராகச் சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேசிஸ் முழுக்க 230 வோல்ட். அந்தப் பெட்டியில் கிட்டாரை எந்தக் காரணத்துக்காகவும் மாட்டாதீர்கள். ஈசிஎச்81, ஈஎல்84 என்று ‘ஈ’யில் தொடங்கினால் 6.3 வோல்ட் ஹீட்டர், பெரும்பாலும் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கும்.

‘ஈ’ செட்டாகவே இருந்தாலும் பிரிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அதிலிருந்து உங்களுக்கு உதவக்கூடியவை இரண்டு ட்ரான்ஸ்ஃபார்மரும் ஒரு வால்வும்தான். கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும். அதே கெப்பாசிட்டர்களை மாற்றினால் தாத்தாவின் ரேடியோ திரும்பப் பாடக்கூடும். ஒரு முழு ரேடியோவைக் கொன்று மூன்று சாமான் எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் அதன் சர்க்யூட்டைப் படியுங்கள், ஏனென்றால் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் என்பது ரேடியோவின் பின்பாதிதான். லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் 1938-இல் திறந்தது ரேடியோ ரிப்பேர் கடை. அவருடைய நிறுவனம் 1950-களில் விற்ற சேம்ப் ஆம்ப்ளிஃபையரில் சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வாக ஒரு 6வி6, ஏசியை டிசியாக்க ஒரு வால்வு, 8 அங்குல ஸ்பீக்கர், அவ்வளவுதான். ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஏறக்குறைய இருபது. ஏறக்குறைய 5 வாட். அதன் 5எஃப்1 சர்க்யூட்டை வைத்துத்தான் செய்யச் சொல்கிறேன். 6வி6-க்குப் பதில் ஈஎல்84 போட்டு, அதன் கேத்தோடில் (வால்வுக்குள் எலக்ட்ரான் விடும் முனை) இருக்கும் ரெசிஸ்டரை 470 ஓமிலிருந்து சுமார் 130 ஓமாக மாற்றினால் போதும்.

50 வாட் என்பது 5 வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தம் இல்லை. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான். அதற்கு இரண்டு பவர் வால்வு, 400 வோல்ட்டுக்கு மேல், தூக்க முடியாத ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாம் வேண்டும். அப்புறம், வால்வின் அந்த இழைந்து உடைகிற குரல் பவர் வால்வைத் திணறவைத்தால்தான் வரும். 5 வாட்டில் அதை வீட்டிலேயே கேட்கலாம். சத்தம் கூட வேண்டுமென்றால் ஸ்பீக்கரில் தேடுங்கள். 90 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 96 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால், ஆம்ப்ளிஃபையரை நான்கு மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம்.

இப்போது காசு. வால்வுக்கென்று தனியாகச் சுற்றிய பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டியதில்லை. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் 6-0-6 (நடு ஒயருக்கு இரு பக்கமும் 6 வோல்ட், மொத்தம் 12), 5 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் இரண்டு வாங்குங்கள். முதலாவது 230 வோல்ட்டை 12 ஆக இறக்கும். இரண்டாவதைத் தலைகீழாக மாட்டினால் அந்த 12 மறுபடியும் 200 வோல்ட் பக்கம் ஏறும். நான்கு 1என்4007 டையோடு, 450 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டால் ஓடும்போது ஏறக்குறைய 250 வோல்ட் டிசி. ஈஎல்84-க்கு அது கச்சிதம். நடுவில் இருக்கும் 6 வோல்ட் பாதியிலிருந்து ஹீட்டருக்கு எடுத்துக்கொள்ளலாம், இரண்டு வால்வும் சேர்ந்து ஓர் ஆம்பியர் கேட்கும். மெயின்ஸிலிருந்து முதல் ட்ரான்ஸ்ஃபார்மர் உங்களைப் பிரித்துவிடுகிறது, அதுதான் முக்கியம்.

பவர் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வரும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில்தான் நான் நிறையத் தடுமாறினேன். கல்யாணப் பந்தலிலும் கோயில் கொடையிலும் ஒலிபெருக்கிக்குப் போடும் 100 வோல்ட் லைன் ட்ரான்ஸ்ஃபார்மர் மலிவு. கணக்கும் ஒத்துவருகிறது: 100-ஐ 100-ஆல் பெருக்கி 2 வாட்டால் வகுத்தால் 5,000 ஓம், ஈஎல்84 கேட்பது 5,200. மாட்டினேன். மெல்லிய கம்பிகள் அருமை, தடித்த ஈ கம்பி மட்டும் சொத்தென்று விழுந்தது. காரணம், ஈஎல்84 அதன் வழியே எப்போதும் 50 மில்லி ஆம்பியர் டிசி இழுக்கிறது. இடைவெளி விடாமல் அடுக்கிய தகடுகள் அந்த டிசியிலேயே காந்தம் நிறைந்துபோகின்றன. மோட்டாருக்கு காயில் கட்டும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஈ வடிவத் தகடுகளை எல்லாம் ஒரே பக்கமாக அடுக்கி, ஐ வடிவத் தகடுகளை எதிர்ப் பக்கம் வைத்து, நடுவில் ஒரு தாள் வைத்து இறுக்கித் தந்தார். அன்று ராத்திரி அந்த ஈ கம்பி அடிவயிற்றிலிருந்து பேசியது. கொஞ்சம் பெரிய, 10 வாட் அளவு ட்ரான்ஸ்ஃபார்மராக, 2 அல்லது 2.5 வாட் டேப் (அந்த வாட்டுக்கென்று வெளியே எடுத்த ஒயர்) உள்ளதாகப் பாருங்கள். இரண்டு சுற்றுக்கும் நடுவே மீட்டரில் தொடர்பு காட்டினால் வேண்டவே வேண்டாம், ஸ்பீக்கர் வரை 250 வோல்ட் வந்துவிடும். தொடர்பு இல்லையென்றாலும் காயில் கட்டுபவரிடம் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் இருக்கும், சோதித்துத் தரச் சொல்லுங்கள்.

மீதியில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். ஜன்னல் செய்யும் கடையில் மிஞ்சும் அலுமினியத் தகடு சேசிஸுக்குப் போதும், பழைய பிளைவுட் பெட்டிக்குப் போதும். வால்வும் ஸ்பீக்கரும் பாதிப் பணத்தைத் தின்னும், தின்னட்டும். ஆனால் மூன்று பின் பிளக், சேசிஸில் தனி போல்ட் போட்டு இறுக்கிய எர்த் ஒயர், ஃபியூஸ், முதல் கெப்பாசிட்டரின் குறுக்கே 220 கிலோ ஓம் 1 வாட் ரெசிஸ்டர், இந்த நான்கில் ஒன்றையும் தள்ளிப்போடாதீர்கள். ஆஃப் செய்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும், அந்த ரெசிஸ்டர்தான் அதை வடியவைக்கும். அப்படியும் மீட்டரில் 20 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஓடும்போது அளந்தால் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் முறை ஆன் செய்யும்போது எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டில் 40 வாட் குண்டு பல்பு போட்டு அதன் வழியாகக் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமலே எரிந்தால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் மட்டும் ஆன் செய்ய வேண்டாம், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் பொறி பறந்து சுற்று போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்து உம் என்று இரைந்தால் ஹீட்டர் ஒயர்களை இறுக்கி முறுக்கி மூலையோடு ஓட்டுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை கிரவுண்டுக்குப் போடுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

கிட்டாரை மாட்டுவதற்கு முன் ஈஎல்84-இன் கேத்தோடில் எத்தனை வோல்ட் என்று அளந்து எழுதுங்கள், 7 சொச்சம் இருக்க வேண்டும். பரணில் இருக்கும் ரேடியோவின் வால்வு எண்களையும் எழுதுங்கள். எந்தெந்த கெப்பாசிட்டரை மாற்ற வேண்டும் என்று சொல்கிறேன்.

அன்புடன்.