பூவைப் பறிக்க மனம் வரவில்லை

வணக்கம் அம்மா,

எனக்கு 46 வயது. காரைதீவில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கணவர், இரண்டு பிள்ளைகள். மூத்தவள் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். போன கார்த்திகையில் என் அம்மா காலமானார். நீரிழிவு, அதன்பின் சிறுநீரகம். டொக்டர்மார் முன்பே சொல்லிவிட்டார்கள். முன்பே தெரிந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன், அது பொய்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி அம்மாவின் வீடு எனக்குச் சீதனமாக வந்தது. அம்மாவும் அப்பாவும் அதே வளவில் பின்பக்கம் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போனார்கள். அப்பா முந்தியே போய்விட்டார். வளவின் முன்பாதி முழுக்க அம்மாவின் பூமரங்கள்தான். செவ்வரத்தையில் பல நிறம், நந்தியாவட்டை, அலரி, பவளமல்லிகை, கிணற்றடியில் மல்லிகைப் பந்தல். 2004 இல் கடல் வந்தபோது தென்னையைத் தவிர எல்லாமே போனது. கிணறு உப்பாகி, வைத்த கன்றெல்லாம் கருகிக் கருகிச் செத்தன. அந்த மணலில் தானாக முளைத்தது பட்டிப்பூ மட்டும்தான். அதை ஒருவரையும் பிடுங்கவிடமாட்டார் அம்மா. மாரி மழை மண்ணைக் கழுவிய பிறகு, சொந்தக்காரர் வீடுகளில் கொப்பு வாங்கி வந்து திரும்ப எல்லாவற்றையும் வைத்தார். விடிய முழுகி, கொக்கத்தடியோடு பூப்பறித்து, கண்ணகி அம்மன் கோயிலுக்கு ஒரு கூடை கொடுத்துவிட்டுத்தான் தேத்தண்ணீர் குடிப்பார்.

இப்போது நான் அந்தத் தோட்டத்திலேயே கிடக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து உடுப்புக்கூட மாற்றாமல் இறங்கிவிடுவேன். இரவில் மூன்று மணிக்கு விழிப்பு வரும், பிறகு நித்திரை வராது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றுவேன். அம்மாவோடு கதைப்பேன். அங்கே இருக்கும்போதுதான் நெஞ்சு இறுக்கம் விடும். சாமியறையில் நின்றால் ஒன்றும் தோன்றுவதில்லை, படங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அவ்வளவுதான். கோயிலுக்குப் போகவில்லை. வைகாசியில் அம்மனுக்கு நடக்கும் குளிர்த்திச் சடங்குக்கும் போகவில்லை. அக்கா, அம்மனுக்கே கோபம் வரும் என்கிறாள். என் மனுசன், உனக்கு விசர் பிடிக்கப் போகிறது என்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா போன பிறகு அந்த மரங்களில் ஒரு பூவைக்கூட என்னால் பறிக்க முடியவில்லை. மற்றவர்கள் பறிப்பதையும் பார்க்க முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை மகள் செவ்வரத்தை நாலைந்து பறித்துவிட்டாள் என்று ஏசி, கையையும் தட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவள் முன்வளவுக்கு இறங்குவதில்லை. பூவெல்லாம் உதிர்ந்து அழுகிக் கிடக்கிறது. மல்லிகை வேறு ஆனியிலிருந்து இலை மஞ்சளாகி வருகிறது. அதுவும் போய்விடுமோ என்று பயம். சிலநேரம் அந்த மண்ணிலேயே படுத்து எழும்பாமல் விட்டால் நல்லம் என்று இருக்கும்.

தோட்டவேலை தியானம், மனதுக்கு மருந்து என்று ஒரு சிநேகிதி வீடியோ அனுப்பினாள். எனக்கு இது மருந்தா, நோயா? சாமியிடம் கிடைக்காத அமைதி செடியிடம் கிடைப்பது பாவமா?

காரைதீவு வாசகி

•

அன்புள்ள சகோதரி,

மண்ணிலேயே படுத்து எழும்பாமல் விட்டால் நல்லம் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிய கையோடு அடுத்த கதைக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியாது. அதனால் நேராகவே கேட்கிறேன்: செத்துவிட வேண்டும் என்று நினைக்கிறீர்களா? தாயை இழந்தவர்களுக்கு ‘நானும் கூடவே போயிருக்கலாம்’ என்று மனம் சொல்வது அரிதான விஷயமில்லை, வந்து போகும். ஆனால் அது போகாமல் நிற்கிறது, எப்படிச் செய்யலாம் என்றுகூட யோசனை ஓடுகிறது என்றால், மற்றதெல்லாம் பிறகு. இன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள். பக்கத்து ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரவு மூன்று மணி விழிப்பில் அந்த நினைப்பு வந்தால் 1926 இற்கு அழையுங்கள். அது தேசிய உளநல உதவி இலக்கம், தமிழில் கதைக்கலாம்.

அப்படி ஒன்றும் இல்லை என்றாலும் வைத்தியரைக் காண வேண்டும். விடியப்புறம் விழிப்பு வந்து பிறகு நித்திரையே இல்லை என்பது மனச்சோர்வின் பழைய அடையாளங்களில் ஒன்று. சாப்பாடு பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை, அதையும் கவனித்தேன். அம்மாவுக்கு நீரிழிவு இருந்தபடியால் உங்கள் சீனி அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விசர் என்ற சொல்லை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். அம்மாவோடு கதைப்பது விசர் இல்லை. துக்கத்தில் இருக்கும் எத்தனையோ பேர் படத்தோடும், கதிரையோடும், கல்லறையோடும் கதைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில் ‘நீடித்த துயரம்’ என்று ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் குறையாமல், அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். அதோடு, அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் பார் என்கிறார்கள். நம் வழக்கத்தில் ஆட்டைத் திவசம் முடியும்வரை அது துக்க வருடம்தான். விசேஷங்களுக்குப் போகாத குடும்பங்கள் எத்தனையோ உண்டு. குளிர்த்திக்குப் போகாததற்காக உங்கள் அக்கா அம்மனைக் கோபக்காரி ஆக்க வேண்டியதில்லை. இருந்தாலும் உங்கள் நிலை அந்த எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றுதான் நினைக்கிறேன். நித்திரை, மகள், அந்த மண் பற்றிய வரி, மூன்றையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.

இனித் தோட்டம். உங்கள் சிநேகிதி அனுப்பியது வெறும் வட்ஸ்அப் கதை இல்லை. நெதர்லாந்தில் 2011 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆட்களுக்கு முதலில் மனஅழுத்தம் தரும் வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். அதன்பிறகு பாதிப்பேரை அரைமணி நேரம் தோட்டத்தில் வேலை செய்யவும், மற்றவர்களை அறைக்குள் புத்தகம் வாசிக்கவும் விட்டார்கள். அழுத்தத்தின்போது சுரக்கும் கோர்ட்டிசோல் இரண்டு பகுதியிலும் இறங்கியது, தோட்டத்தில் நின்றவர்களுக்குக் கூடுதலாக இறங்கியது. ஆக, நெஞ்சு இறுக்கம் விடுகிறது என்று நீங்கள் எழுதியது கற்பனை இல்லை, உடம்பில் நடப்பதுதான்.

ஆய்வுக்காக அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. மட்டக்களப்பில் 1996 இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. சண்டையில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டி வருவார்கள். மரநிழலில் களிமண் பிசைவார்கள், படம் கீறுவார்கள், கதை சொல்வார்கள், ஆடு மாடுகளோடு நிற்பார்கள். வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லட்டும் என்பதுதான் அங்கே நடந்த வைத்தியம். ஆனால் பின்னேரம் அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். நீங்கள் திரும்பி வருவதில்லை. உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

பாவமா என்று கேட்டீர்கள். கோயிலில் அறுபத்துமூவர் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அப்பர் சுவாமிகளின் கையில் இருப்பது உழவாரம், புல் செருக்குகிற ஆயுதம். கோயில் வீதியில் புல் செருக்கியதைத் தொண்டு என்று கும்பிடுகிற சமயத்தில் பிறந்துவிட்டு, மண்ணில் அமைதி கிடைக்கிறதே என்று பயப்படாதீர்கள். சாமியறையில் இப்போது ஒன்றும் தோன்றாவிட்டால் தோன்றாமல் இருக்கட்டும். விளக்கைக் கணவரோ மகளோ ஏற்றட்டும். துக்க காலத்தில் பக்தி வற்றுவதை நான் நிறையப் பேரிடம் கண்டிருக்கிறேன், அதற்காக யாரும் நரகத்துக்குப் போனதாகத் தகவல் இல்லை.

என் கவலை பூவைப் பற்றித்தான். உங்கள் அம்மா வைத்தது பார்த்துக்கொண்டிருக்க ஒரு தோட்டம் இல்லை, பறித்துக் கொடுக்க ஒரு நந்தவனம். உப்புமண்ணில் மறுபடி மறுபடி கன்று வைத்ததும் அந்த ஒரு கூடைக்காகத்தான். நீங்கள் மரங்களைக் காப்பாற்றியிருக்கிறீர்கள், அந்தக் கூடை நின்றுவிட்டது. செவ்வரத்தை ஒருநாள் பூ. பறித்தாலும் பறிக்காவிட்டாலும் பொழுதுபட அது சுருங்கித்தான் ஆகும். பறிக்காமல் விடுவதால் நீங்கள் ஒரு பூவையும் மிச்சம் பிடிக்கவில்லை. பறித்தால் அம்மா உண்மையாகவே போய்விட்டார் என்று ஆகிவிடுமோ என்ற பயம்தான் கையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம். மல்லிகைப் பந்தலின் கீழ் இருந்து, உங்களையே கேட்டுப் பாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள், அழுததாக ஓரிடத்திலும் இல்லை.

பறிப்பதை நீங்கள் தொடங்க வேண்டாம், மகள் தொடங்கட்டும். அவளும் தன் அம்மம்மாவை இழந்த பிள்ளைதான். அதோடு பரீட்சை வருடம், வீட்டில் அம்மா இருந்தும் இல்லாத மாதிரி. அவளிடம் போய், ‘அன்றைக்குக் கையைத் தட்டினது பிழை, அம்மம்மாவின் பூவை நீ பறி’ என்று சொல்லுங்கள். விளக்கமெல்லாம் வேண்டாம். அவள் உடனே ஓடிவரமாட்டாள், அந்த வயது அப்படி. வருகிற ஒரு வெள்ளிக்கிழமை கொக்கத்தடியை அவள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் கிணற்றடியிலேயே நில்லுங்கள். பார்க்க முடியாவிட்டால் குசினிக்குள் போங்கள். கூடையை அவளோ தகப்பனோ கோயிலில் கொடுக்கட்டும். நீங்கள் உள்ளே போக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

இரண்டாவதாக, வளவில் எங்காவது ஓர் ஓரத்தில், அம்மா ஒருநாளும் வைக்காத எதையாவது வையுங்கள். கத்தரியோ, பயற்றையோ, வெண்டியோ. துக்கம் ஆறுகிற விதம் பற்றி 1999 இல் எழுதிய இரண்டு ஆய்வாளர்கள், மனம் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வர வேண்டும், ஒரே பக்கத்தில் நின்றுவிடுவதுதான் சிக்கல் என்றார்கள். உங்கள் முன்வளவு முழுக்க இழப்பின் பக்கம். காய் வைத்தால் அதை ஆய வேண்டும், சமைக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்கு ஒரு பிடி கொடுக்க வேண்டும். கணவரை அந்தப் பாத்திக்கு வேலி கட்டச் சொல்லுங்கள். விசர் என்று சொல்கிற மனிதருக்குப் பயம்தான் அதிகம். கையில் ஒரு வேலை இருந்தால் வாய் கொஞ்சம் அடங்கும்.

விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடக்கூடாது என்று நம் அம்மாமார் சொல்வார்கள், உங்கள் அம்மாவும் சொல்லியிருப்பார். மூன்று மணி விழிப்புக்குத் தோட்டம் வேண்டாம். டோர்ச்சை அலுமாரிக்குள் வையுங்கள். எழும்பி வெந்நீர் குடியுங்கள், விறாந்தையில் இருங்கள், விடிந்த பிறகு இறங்குங்கள்.

மல்லிகை பற்றி ஒரு சொல். எனக்குக் கறிவேப்பிலைக் கன்றுகூடச் சரியாகப் பிடித்ததில்லை, அதனால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஓர் இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆனால் இரவும் பகலும் ஊற்றுகிற தண்ணீர் மணல்மண்ணில் பசளையை எல்லாம் கழுவிக்கொண்டு போகும் என்பது எனக்கும் தெரியும். கச்சான் காற்றுக் காலம் என்றாலும் காலையில் ஒருதரம் போதும். அடியில் மக்கிய மாட்டெருவும், ஈரம் நிற்கத் தேங்காய்ப் பொச்சும் போடுங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் தாழ்ந்த கொப்பு ஒன்றை வளைத்து மண்ணுக்குள் பதித்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். வேர் விட்டதும் வெட்டி எடுத்து மகளிடம் கொடுத்து, எங்கே வைப்பது என்று அவளையே தீர்மானிக்க விடுங்கள். வைத்தியரைக் கண்ட பிறகு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.