பிள்ளை கேட்டால் லூப் போடச் சொல்கிறார்களே?

கேள்வி: எனக்கு வயது 32, ஊர் உப்புவெளி. கலியாணமாகி 5 வருடம், பிள்ளை இல்லை. மாதவிடாய் 3 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். வந்தால் 2 கிழமைக்கு நிற்காது. கர்ப்பப்பையைச் சுரண்டி பயொப்சி (சதைப் பரிசோதனை) செய்ததில் ஆரம்பநிலைப் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. கர்ப்பப்பையை எடுக்காமல், அதற்குள் வைக்கும் சிறு கருவியான ஹோமோன் லூப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார் டொக்டர். "பிள்ளைக்காகப் போனால் பிள்ளை தங்காமலிருக்க லூப்பா?" என்று மாமி கோபிக்கிறா. இதை நம்பலாமா?

பதில்: நம்பலாம் தங்கச்சி. ஆனால் லூப்பைப் போட்டுவிட்டு வீட்டிலிருந்தால் போதாது.

மாமிக்குத் தெரிந்தது குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக்கில் போடும் செம்பு லூப். அது இந்த நோய்க்கு உதவாது. உங்களுக்குச் சொன்ன லூப்பின் தண்டில் 52 மில்லிகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற ஹோமோன் இருக்கிறது. தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் கசியும். முட்டை வெளிவராத மாதங்களில் உடம்பில் புரோஜெஸ்டரோன் ஊறாது. ஈஸ்ட்ரோஜன் தனியே நின்று கர்ப்பப்பையின் உட்சவ்வைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும். 3 மாதம் வராமலிருந்து பிறகு கொட்டுவது அதனால்தான். உங்கள் நோயும் அந்தத் தடிப்பில் தொடங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். குறைந்துபோன புரோஜெஸ்டரோனின் வேலையை லூப் அதே இடத்தில் செய்து சவ்வை மெலிய வைக்கிறது. கழற்றிய பின் கருத்தரிக்கத் தடையில்லை.

பயொப்சி அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 'எண்டோமெட்ரியோயிட்' (உட்சவ்வுப் புற்றுநோயின் வழமையான வகை), 'கிரேட் 1' (வேகம் குறைந்தது) என்று இருக்க வேண்டும். நோய் கர்ப்பப்பைத் தசைக்குள் இறங்கவில்லை, சூலகத்துக்கோ நிணநீர் முடிச்சுகளுக்கோ போகவில்லை என்று எம்.ஆர்.ஐ. சொல்ல வேண்டும்; சாதாரண ஸ்கான் இதற்குப் போதாது. உங்கள் இரத்த உறவில் யாருக்காவது இளவயதிலேயே குடல் அல்லது கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பரம்பரைக் காரணம் இருந்தால் சிகிச்சை முடிவே மாறலாம்.

அவுஸ்திரேலியாவில் உடற்பருமன் கூடிய பெண்களிடம் நடந்து 2021இல் வெளியான ஃபெம்மி ஆய்வில், இந்த ஹோமோன் லூப் போட்டு 6 மாத முடிவில், புற்றுநோய் இருந்தவர்களில் 43 வீதத்தினருக்கு அது முற்றாக மறைந்திருந்தது. சிலருக்கு ஒரு வருடம் வரை எடுக்கும். சில டொக்டர்மார் புரோஜெஸ்டரோன் வகைக் குளிசையும் சேர்த்துத் தருவார்கள்.

பலர் பிழைவிடும் இடம் ஒன்றிருக்கிறது. லூப் போட்ட முதல் சில மாதங்களுக்குச் சொட்டுச் சொட்டாகப் படும், பிறகு இரத்தப்போக்கு குறையும், சிலருக்கு நின்றேவிடும். உடனே 'சுகமாகிவிட்டது' என்று நினைத்து கிளினிக்கை விட்டுவிடுவார்கள். இரத்தம் நின்றது லூப்பால். உள்ளே நோய் அப்படியே இருக்கலாம். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பயொப்சி செய்தால்தான் உண்மை தெரியும். லூப் உள்ளே இருக்கும்போது மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுக்கும் சதை சில வேளை போதாமல் போகும். 'மாதிரி போதவில்லை' என்று வரும் அறிக்கை 'நோயில்லை' என்ற அறிக்கை அல்ல. அப்படி வந்தால் கமரா வைத்துப் பார்த்துச் சுரண்டி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். திருகோணமலையிலிருந்து மஹரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வருவது லேசல்ல என்று தெரியும். ஆனாலும் அடுத்த பயொப்சித் திகதியை கிளினிக் கொப்பியில் எழுதி வாங்காமல் பஸ் ஏறாதீர்கள். திடீரெனக் கட்டிகட்டியாக இரத்தம் போனால் லூப் நழுவியிருக்கலாம். அன்றே உங்கள் வைத்தியசாலையில் ஸ்கான் செய்யுங்கள்.

நிறை கூடியிருந்தால் குறையுங்கள், சீனி வருத்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கொழுப்பும் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும்.

ஒரு வருடமாகியும் நோய் போகவில்லை அல்லது தசைக்குள் இறங்குகிறது என்றால், கர்ப்பப்பையை எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. நோய் மறைந்ததென்று பயொப்சியில் உறுதியானால் லூப்பைக் கழற்றி, காலம் கடத்தாமல் குழந்தைப்பேற்று நிபுணரிடம் போங்கள். உங்களுக்கு முட்டை ஒழுங்காக வெளிவருவதில்லை என்பதால் லெட்ரோசோல் குளிசையோ சோதனைக்குழாய் முறையோ தேவைப்படலாம். உடனே பிள்ளைக்கு முயலாவிட்டால் லூப் உள்ளேயே இருக்கட்டும், ஏனெனில் இந்த நோய் பலருக்குத் திரும்பி வருகிறது. பிள்ளை பெற்று முடிந்ததும் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வதும் அதனால்தான். அதையும் மாமிக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.