மூன்று மாதத்தில் 40 நொடி: நம் ஊர் சூப்பர் ஹீரோ கார்ட்டூனை எப்படி முடிப்பது?

கேள்வி: ஒத்தக்கடை பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். யானைமலை அடிவாரத்தில் வளரும் பத்து வயதுப் பெண்ணுக்கு யானை பலம் வந்து, காணாமல் போன ஊருணித் தண்ணீரை மீட்டு வருவதாக ஒரு கதை எழுதி, 11 நிமிடக் கார்ட்டூனாக எடுக்க ஆரம்பித்தேன். நானும் தம்பி மகனும் மட்டும்தான், ஒரு கம்ப்யூட்டர், கையில் 60,000 ரூபாய். மூன்று மாதம் ராத்திரி பகலாக வரைந்தும் 40 நொடிதான் வந்திருக்கிறது. எங்கே தப்பு செய்கிறோம்?

பதில்: சார், நீங்கள் அனுப்பிய 40 நொடியை நாலைந்து தடவை போட்டுப் பார்த்தேன். அந்தப் பிள்ளை பாறையில் காலை ஊன்றித் திரும்புகிற இடம் அருமை, வருஷக்கணக்காக வரைந்த கை என்று தெரிகிறது. ஆனால் இதே வேகத்தில் போனால் மீதி 620 நொடிக்கு இன்னும் நாலு வருஷம் ஆகும். திரையில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 நிலைப்படம் ஓடும், வரைந்த ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம், 11 நிமிடத்துக்கு 7,920 படம். இரண்டு பேர் தாங்குகிற வேலையே இல்லை இது. முதலில் அந்த 11 நிமிடத்தை விட்டுவிடுங்கள். அது டிவிக்காரர்கள் அரை மணி நேரத்துக்குள் இரண்டு கதையையும் விளம்பரத்தையும் அடைக்க வைத்துக்கொண்ட அளவு. ஒரு பெண், ஒரு ஊர், ஒரு ஊருணி, இதற்கு 5 நிமிடம் தாராளம்.

அடுத்தது வரிசை. கதையை எழுதி முடித்ததும் நேராக வரைய உட்கார்ந்துவிட்டீர்கள், அங்கேதான் மூன்று மாதமும் போனது. நம் சினிமாவில் படம் பிடித்துவிட்டு அப்புறம் டப்பிங் பேசிப் பழக்கமானதால் கார்ட்டூனையும் பலர் அப்படியே நினைக்கிறார்கள், ஆனால் இங்கே பெரும்பாலும் குரல்தான் முதலில். வசனத்தை ஒரு குழந்தையை வைத்துப் பேசிப் பதிவு செய்யுங்கள். பேப்பரைப் பார்த்துப் படிக்க விடாதீர்கள், நீங்கள் ஒரு வரி சொல்ல அவள் தன் பேச்சில் திருப்பிச் சொல்லட்டும், "அங்கிட்டு போகாதீக" என்று வந்தால் அப்படியே இருக்கட்டும். ஃபேன், பிரிட்ஜ் இரண்டையும் அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு ஜமுக்காளம் தொங்கவிட்டு, மேலூர் ரோட்டு லாரிச் சத்தம் கேட்காத உள் அறையில் வாய்க்கு ஒரு சாண் தள்ளி போனை வைத்தால் ஆரம்பத்துக்கு அதுவே போதும்.

குரல் வந்ததும் ஸ்டோரிபோர்டு, அதாவது கதையைக் காட்சி காட்சியாகக் கட்டம் போட்டு வரைவது. பென்சில் கிறுக்கல் போதும், 5 நிமிடத்துக்கு 120, 150 கட்டம் வரும். அதை போனில் போட்டோ எடுத்து, குரலுக்கு மேல் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு கட்டமும் எத்தனை நொடி நிற்க வேண்டுமோ அத்தனை நொடி நிறுத்துங்கள். இதுதான் அனிமேட்டிக். இரண்டு மூன்று வாரத்தில் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்துவிடலாம், ஒரு அசைவுகூட வரையாமலே! உங்களிடம் ஐந்தாம் வகுப்பே இருக்கிறது சார், ஸ்டுடியோக்காரர்கள் தேடி அலைகிற பார்வையாளர்கள் அவர்கள். போட்டுக் காட்டிவிட்டு 'பிடிச்சிருக்கா' என்று கேட்காதீர்கள், வாத்தியாரிடம் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஓரமாக நின்று முகத்தைப் பாருங்கள், எந்த நொடியில் பக்கத்துப் பையனிடம் பேச ஆரம்பிக்கிறார்களோ அந்த இடத்தை வெட்டுங்கள். இங்கே ஒரு காட்சியை வெட்டினால் பத்துக் கட்டம்தான் போகும், அனிமேஷன் முடிந்த பிறகு வெட்டினால் ஒரு மாத உழைப்பு போகும். நான் ஸ்டோரிபோர்டு வேலையில் இருந்த வருஷங்களில் பார்த்த பெரிய நஷ்டமெல்லாம் இந்தப் படியை அவசரமாகத் தாண்டியதால் வந்ததுதான்.

இப்போது அந்தப் பெண்ணின் உடுப்பு. பட்டுப்பாவாடை, ஜரிகைக் கரை, இரட்டைச் சடை, தலை நிறைய மல்லி. ஒரு படமாகப் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் நொடிக்கு 12 தடவை அந்தக் கரையையும் பூவையும் யார் வரைவது? அமெரிக்காவில் ஹன்னா-பார்பெரா நிறுவனம் டிவிக்காகக் கார்ட்டூன் எடுத்தபோது யோகி கரடிக்குக் காலரும் டையும் மாட்டியது, உடம்பை அப்படியே நிறுத்தித் தலையை மட்டும் ஆட்டினாலும் கழுத்தில் ஒட்டுத் தெரியாது. உங்கள் பெண்ணுக்கு அப்பாவின் சிவப்புத் துண்டைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கொடுங்கள், ஒட்டும் மறையும், பின்னால் பறந்தால் ஹீரோ அங்கியும் ஆச்சு. மற்றபடி ஒரே நிறப் பாவாடை சட்டை. தலை, கை, கால், சடை எல்லாவற்றையும் தனித்தனித் துண்டாக வரைந்து மூட்டில் இணைத்து ஆட்டுவதைக் கட்-அவுட் முறை என்கிறோம், ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் இரண்டிலும் இலவசமாகச் செய்யலாம். தம்பி மகனுக்குக் கை பழகியபின் நாளுக்கு 8 நொடி என்று வைத்தால் 300 நொடிக்கு 38 வேலை நாள். பின்னணிகளை நீங்களே வாட்டர்கலரில் வரையுங்கள். யானைமலையை நீளத் தாளில் ஒரே ஓவியமாகப் போட்டு அதன் மேல் கேமராவை நகர்த்தினால், ஒரு படத்தில் பத்து நொடி ஓடிவிடும்.

வாயசைவுக்கு ஏழு வாய் போதும். ப, ம வந்தால் மூடிய உதடு, ஆ-வுக்குத் திறந்தது, ஈ, ஏ-வுக்கு அகன்றது, ஊ, ஓ-வுக்குக் குவிந்தது, வ-வுக்குக் கீழுதட்டில் பல், த, ல-வுக்கு நாக்கு நுனி, மற்றதுக்கெல்லாம் லேசாகத் திறந்த ஒன்று. ழ, ள எல்லாம் உள்ளே மடங்குகிற நாக்கு, வெளியே தெரியாது, கவலை வேண்டாம். ஆனால் இரட்டித்து வரும் எழுத்தில் கவனம்: 'அப்பா'வில் உதட்டை ஒரே பிரேம் மூடித் திறந்தால் பார்ப்பவருக்கு 'அபா' என்றுதான் படும். மூன்று நாலு பிரேமாவது மூடி வையுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்று, நீங்கள் அனுப்பியதில் வரும் அந்த மின்னல். சிவப்பும் வெள்ளையும் நொடிக்கு ஆறேழு தடவை மாறி மாறி அடிக்கிறது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் தொடரின் ஒரு அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் இப்படி வேகமாக மாறி மின்னியதில் 600-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பலருக்கு வலிப்பே வந்தது. நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் வேண்டாம், மின்னலில் அழுத்தமான சிவப்பு வேண்டவே வேண்டாம். இன்னொன்று, அவள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறிக் குதித்தபின் பலம் வருவதாக வைத்திருக்கிறீர்கள். பார்க்கிற பிள்ளையின் வீட்டிலும் அதே சுவர் இருக்கிறது சார். பாறையில் காலை ஊன்றினால் மலை கண் திறக்கட்டும், அதை எந்தக் குழந்தை செய்து பார்த்தாலும் அடிபடாது, உங்கள் மலையும் கதைக்குள் வந்துவிடும்.

பணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒலிக்கு ஒதுக்குங்கள். சினிமாப் பாட்டை எடுத்துப் போடாதீர்கள், உரிமைப் பிரச்சினையில் வீடியோவே போய்விடும். உங்கள் ஊரில் பறையும் நாயனமும் வாசிக்கிறவர்களுக்குக் காசு கொடுத்து இரண்டு நிமிட இசை பதிவு செய்தால், பின்னால் இதைத் தொடராக வளர்த்தாலும் முழுக்க வரும்.

அந்த 40 நொடியைத் தூக்கிப் போட வேண்டாம். காலை ஊன்றித் திரும்புகிற 12 நொடியை மட்டும் எடுத்து, மின்னலைச் சரிசெய்து, சிவப்புத் துண்டை மேலே ஒரு அடுக்காக வரைந்து சேருங்கள். அவள் உருமாறும் காட்சி அதுதான். அந்தப் பட்டும் ஜரிகையும் மல்லியும் அங்கே மட்டும் மின்னட்டும், உருமாறி முடிந்ததும் ஒரே நிறத் தங்க மஞ்சள் பாவாடையாக நின்றுவிடட்டும். ஒரு தடவை வரைந்தது ஒவ்வொரு அத்தியாயத்திலும் வரும், பிள்ளைகளும் அதற்குத்தான் காத்திருப்பார்கள். மற்ற 28 நொடியை, அதில் மின்னலோ சுவர்க் குதிப்போ இருந்தால் வெட்டிவிட்டு, ஐந்தாம் வகுப்புக்குப் போட்டுக் காட்டுங்கள், அனிமேட்டிக் தயாராகும்வரை அவர்களுக்கு அது போதும்.