சேற்றில் ஓட முடியாத சப்பாத்து

வணக்கம் அண்ணே.

சனிக்கிழமை மகளுடைய கறுப்பு நோட்டை என் மேசையில் வைத்து, "டீச்சர், எஸ்.பி.எம். பரீட்சை எழுதுற வருஷத்துல இதைத்தான் வரைஞ்சிக்கிட்டு இருக்கா, பாருங்க" என்று சொல்லிவிட்டு ஆலை ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள். அன்றிரவே முழுவதையும் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் காமிக்ஸ் சாகச நாயகிகளும் அவர்களுடைய உடுப்புகளும்தான். நேரில் பேசினால் பாதியிலேயே உங்களுக்கு வேலைக்கு நேரமாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

உங்களுக்கு இரண்டு கவலை. இது சோறு போடுமா என்பது ஒன்று. இன்னொன்றை நீங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அரைகுறை உடுப்புப் போட்ட சாகசப் பெண்களை ஒரு பெண்பிள்ளை வரைகிறாளே என்பதுதான் அது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நோட்டின் நடுவில் ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு நாயகிக்கு உயர்ந்த குதிகால் சப்பாத்து வரைந்திருக்கிறாள். அப்புறம் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் வரைந்து, ஓரத்தில் சின்னதாக "சேற்றில் ஓட முடியாது" என்று எழுதியிருக்கிறாள். அண்ணே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அழகாக வரையும் பிள்ளைகள் நிறைய என்னிடம் வருகிறார்கள். வரைந்ததைத் தானே கேள்வி கேட்டு அடிக்கும் பிள்ளை அபூர்வம்.

அமெரிக்கக் காமிக்ஸ் உலகமே இந்தக் கேள்வியோடு பல காலம் மல்லுக்கட்டியிருக்கிறது. 1941-இல் வந்த வொண்டர் வுமன் என்ற சாகச நாயகி தோள்பட்டி இல்லாத மேலாடையோடுதான் வந்தாள். கேரல் டான்வர்ஸ் என்ற நாயகி கதைப்படி விமானப்படை அதிகாரி. அவளுக்கு 1978 முதல் நீச்சல் உடை மாதிரி ஒரு கறுப்பு உடுப்பு. 2012-இல் அவளைக் கேப்டன் மார்வெல் என்ற பெயரில் கொண்டுவந்தபோது, ஜேமி மெக்கெல்வி என்ற ஓவியர் விமானியின் உடையை அடிப்படையாக வைத்து உடல் முழுவதும் மூடிய சீருடை கொடுத்தார். பார்த்தவுடனேயே இவள் பறப்பவள், படையில் இருந்தவள் என்று தெரிந்துவிடும். இடுப்பில் கட்டிய பழைய சிவப்புத் துணியை மட்டும் அவர் எடுக்கவில்லை. சண்டைக்கு அது எந்த உதவியும் செய்யாது. ஆனால் அது இருந்தால்தான் அவள் கேரல். 2014-இல் தனிப் புத்தகம் பெற்ற கமலா கான் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். அவள் தன் புர்கினியை, அதாவது உடல் மூடிய நீச்சல் உடையை, வெட்டித் தைத்துத்தான் சாகச உடையாக்கிக்கொள்கிறாள். வீட்டு வழக்கம், வயது, கையிலிருக்கும் காசு எல்லாம் அந்த ஒரே உடுப்பில் தெரிகிறது. அதே வருஷம் பேட்கேர்ள் என்ற இன்னொரு நாயகிக்குக் கிடைத்தது ஒரு தோல் ஜாக்கெட், கழற்றி மாட்டக்கூடிய மேலங்கி, கனமான பூட்ஸ். கல்லூரி மாணவி சொந்தமாகச் சேர்த்துக்கொள்ளக்கூடிய சாமான்கள்.

அப்படியானால் மூடினால் சரி, திறந்தால் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1968-இல் தொடங்கிய மாற்றத்தில் வொண்டர் வுமனின் பழைய உடுப்பை எடுத்துவிட்டு, பிறகு உடல் மூடிய வெள்ளை உடை கொடுத்தார்கள். கூடவே அவளுடைய சக்தியையும் பிடுங்கிவிட்டார்கள். அதை எதிர்த்தவர்களில் குளோரியா ஸ்டைனம் போன்ற பெண்ணுரிமைக்காரர்கள் இருந்தார்கள். 1972-இல் தங்கள் பத்திரிகை அட்டையில் பழைய உடுப்போடேயே அவளைப் போட்டார்கள். மறு வருஷம் சக்தியும் உடுப்பும் திரும்பி வந்தன. எத்தனை முழத் துணி என்பதை விட, அந்த உடுப்பு அவளுக்காகவா, பார்ப்பவனுக்காகவா என்பதுதான் கேள்வி. உங்கள் மகள் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிட்டாள். அவளைத் தடுத்தால் அந்தக் கேள்விதான் முதலில் நிற்கும்.

என் அம்மா இந்தச் சுங்கை சிப்புட் பக்கம்தான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, உள்ளே கைலி, தலையில் துண்டு, நெற்றியில் விளக்கு. கொசுவுக்குச் சட்டை, பால் ஒட்டினால் போகாது என்பதால் பழசு, இரண்டு கையும் வேலையில் இருப்பதால் விளக்கு நெற்றியில். அவ்வளவு காரணத்துக்கு நடுவிலும் காதில் சின்னத் தோடு இருக்கும், அதை ஒரு நாளும் கழற்ற மாட்டார். கேரலின் சிவப்புத் துணியைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தோடுதான் ஞாபகம் வந்தது. செம்பனைக் காட்டில் மருந்தடிக்கும் அக்காமார்களையும் மகள் போய்ப் பார்த்து வரையட்டும்.

சரி, சோறு. கோலாலம்பூர் வட்டாரத்தில் கார்ட்டூன் தயாரிக்கும் நிறுவனங்களும், வெளிநாட்டுக் கணினி விளையாட்டுகளுக்குப் பாத்திரங்கள் செய்து கொடுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. அங்கே பாத்திரத்தை வரைபவர் ஒருவர், அதைக் கணினியில் முப்பரிமாணமாகச் செய்பவர் இன்னொருவர், அசைய வைப்பவர் வேறொருவர். ஜிப் எங்கே, தையல் எங்கே, முதுகுப் பக்கம் எப்படி என்று வரைந்தவர் யோசிக்காவிட்டால் அடுத்தவர் தவிப்பார். நீளமான மேலங்கியும் விரித்த முடியும் அசைய வைக்கக் கூடுதல் உழைப்பு கேட்கும். மகளின் அந்த "சேற்றில் ஓட முடியாது" அங்கே சம்பளம் வாங்கித் தரும் புத்தி. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, ஒப்பந்த வேலையும் நிறைய. இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

முதலில் எஸ்.பி.எம். மலாய், வரலாறு இரண்டிலும் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை. டிப்ளோமாவுக்குப் பொதுவாக மூன்று பாடங்களிலாவது கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி, வேண்டும். காட்சிக்கலை அதில் ஒன்றாக இருக்கட்டும். அதற்கு மேல் பாலிடெக்னிக், ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். முடித்துப் பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைத்துறை, கோலாலம்பூரில் அனிமேஷன் சொல்லித்தரும் அஸ்வாரா கலைக்கழகம், சைபர்ஜெயா மல்டிமீடியா பல்கலைக்கழகம் என்று வழிகள் உண்டு. கடைசியில் சொன்னது தனியார், செலவு அதிகம். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கப் படிப்புக் கடன் கிடைத்தாலும் அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம். ஏஜெண்டு யாராவது வீட்டுக்கு வந்து இன்றைக்கே பதிவுக்கட்டணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். படிப்புக்கு எம்.கியூ.ஏ. என்ற தகுதி நிறுவனத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என்னையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பரீட்சை முடிந்ததும் ஒரு மாதம் பட்டணத்துத் தையல் கடையில் அவளை உட்கார வையுங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் சட்டை ஏன் பிடிக்கிறது என்பதைத் தையற்காரர் ஐந்து நிமிடத்தில் காட்டிவிடுவார். நேர்முகத்துக்குக் கொண்டுபோகும் கோப்பில் இருபது அழகு முகங்கள் வேண்டாம். ஒரே நாயகி, முன், பின், பக்கவாட்டு. இதை அவள் எப்படிப் போட்டுக்கொள்கிறாள், கைப்பேசியை எங்கே வைக்கிறாள், அவசரத்துக்குக் கழிவறை போனால் எப்படிக் கழற்றுவாள் என்பதற்கெல்லாம் அதில் பதில் இருக்கட்டும்.

நோட்டை உங்கள் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். அடித்த பக்கங்களை அவள் கிழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. அடுத்த சனிக்கிழமை காலையில் அவளையும் கூட்டி வாருங்கள். அந்த ரப்பர் பூட்ஸ் பெண்ணுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை போலிருக்கிறது, என்னவென்று கேட்க வேண்டும்.