வறண்ட செட்டிநாட்டில் மழைக்காலத்தில் வரும் வெள்ளம் எளியவர்களை எவ்வாறு பாதிக்கிறது?

செட்டிநாடு வறண்ட பூமிதானே, இங்கே வெள்ளம் யாரை என்ன செய்துவிடும் என்று சிலர் நினைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், கண்மாய்க்கும் ஊருணிக்கும் செல்லும் வரத்துக்கால்கள் தூர்ந்து கிடக்கும் இடங்களில், உயர்ந்த மேடைமீது கட்டப்பட்ட பெரிய வீடுகள் தப்பிக்க, பள்ளத்தில் உள்ள மண்சுவர் வீடுகளுக்குள்தான் தண்ணீர் புகுகிறது. கட்டட வேலை நின்று கூலி இல்லாத அதே வாரத்தில், நனைந்துபோன அரிசிக்கும் பாய்க்கும் மாற்று வாங்க வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். அது அடைபடும் முன்பே அடுத்த மழை வந்துவிடுவதுதான், என் பார்வையில், மிகக் கொடிய பாதிப்பு. தேங்கிய நீரால் டெங்குவும் எலிக்காய்ச்சலும் வரும் (எலியின் சிறுநீர் கலந்த நீரில் நிற்கும்போது, காலிலுள்ள சிறு புண் வழியாகக்கூட எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் செல்லும்). மனத்தின் பாதிப்போ வெளியே தெரிவதில்லை: இரவில் தூறல் விழுந்தாலே எழுந்து, ரேஷன் அட்டையையும் பிள்ளைகளின் புத்தகப் பையையும் பரணில் ஏற்றிவிட்டு, விடியும்வரை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அந்தப் பருவம் முழுவதும் சரியான உறக்கம் இல்லை.