போதையை விட்டு நான்கு மாதம்: மறதி ஏன் போகவில்லை?

கேள்வி: என் தம்பி ஆறு வருடம் மெத்தம்பெட்டமைன் எடுத்தான். விட்டு நான்கு மாதம் ஆகிறது. ஆனாலும் சொன்னது மறந்துபோகிறது, ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க முடியவில்லை. கவுன்சலிங் நாளையே தவறவிடுகிறான். அக்கறையில்லை என்கிறார் அப்பா. மூளை பழையபடி ஆகுமா?

பதில்: அப்பாவின் கோபம் புரிகிறது. ஆனால் அக்கறையின்மை என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். மெத்தம்பெட்டமைன் போல மூளையைத் தூண்டிவிடும் போதையை நெடுநாள் எடுத்தவர்களுக்குக் கவனம், நினைவு, திட்டமிடல், அவசரத்தை அடக்குதல் ஆகியவைதான் அதிகம் அடிவாங்குகின்றன. சிகிச்சை கேட்பதும் அதே திறன்களைத்தான்: நேரத்துக்கு வா, பேசியதை நினைவில் வை, ஆசை வந்தால் நிதானி. கால் முறிந்தவரை மாடியேறி வந்து கட்டுப்போட்டுக்கொள்ளச் சொல்வது போலத்தான். கொக்கெயின் சிகிச்சையில் இருந்தவர்களிடமும், இத்திறன்கள் குன்றியவர்களே பாதியில் நின்றுவிடுவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மீட்சி உண்டு. மெதுவாக வரும், எல்லாம் ஒன்றாக வராது. 2001இல் அமெரிக்க மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர், மெத்தம்பெட்டமைனை விட்ட 5 பேரை முதலில் ஒருமுறையும், 12 முதல் 17 மாதம் அதைத் தொடாமலிருந்த பிறகு மறுமுறையும் ஸ்கேன் செய்தார்கள். டோபமைன் என்பது ஊக்கத்தையும் இன்ப உணர்வையும் தரும் மூளை ரசாயனம்; அதைத் திரும்ப உறிஞ்சும் புரதம், போதையால் குறைந்திருந்தது, நன்றாகவே மீண்டிருந்தது. நினைவுச் சோதனைகளில் அந்த அளவு முன்னேற்றம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நான்கு மாதத்தில் தீர்ப்பெழுதக் கூடாது என்பதற்கு அது போதும்.

மறதி முழுவதையும் போதையின் தலையில் கட்டவும் வேண்டாம். தூக்கக் கேடு, மனச்சோர்வு, மது, பழைய தலைக்காயம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும்.

சிகிச்சைகளில் வலுவான ஆதாரம் உள்ளது ஊக்கப்பரிசு முறைக்கு. சிறுநீர்ச் சோதனையில் போதை இல்லையென்றால் அப்போதே ஒரு சிறு பரிசு. லஞ்சம் மாதிரி இருக்கிறதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். தூரத்துப் பலனுக்காகக் காத்திருக்கத் திணறும் மூளைக்கு உடனடிப் பலன்தான் பிடிபடுகிறது. மாத்திரை, ஊசியில் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். போதை ஆசையைக் குறைக்கத் தரும் நால்ட்ரெக்ஸோன் ஊசியும் மனச்சோர்வுக்குத் தரும் புப்ரோபியான் மாத்திரையும் மெத்தம்பெட்டமைன் எடுத்தவர்களுக்குச் சேர்த்துக் கொடுத்த 2021 ஆய்வில் 13.6 சதவீதத்தினருக்கே பலன் கிடைத்தது, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி ஊசி, மாத்திரை கொடுத்தவர்களில் 2.5 சதவீதம்.

வீட்டில் செய்யக்கூடியது: கவுன்சலிங் எப்போதும் ஒரே கிழமை, ஒரே நேரம். முந்தின இரவு ஓர் அலாரம், கிளம்பும் முன் இன்னொன்று. அமர்வைச் சுருக்கி, பேசியதை இரண்டு வரியில் எழுதித் தரும்படி ஆலோசகரிடம் கேளுங்கள். முதல் சில மாதங்கள் யாராவது கூடப் போங்கள். காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள், வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால் அடுத்த அமர்வு வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.